முடுக்கமும் முறிவும்

“அடியாத மாடு படியாது” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஏர் உழுபவர் கையில் தாற்றுக்கோல் ஒன்று இருப்பதைச் சிற்றூர்களில் வளர்ந்தவர்கள் கண்டிருப்பார்கள். மாட்டைக் குறித்துப் பிறந்த இம்மொழியை மனிதருக்கும் பொருத்திப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பள்ளியில் ஆசிரியரும், ஆலையில் மேற்பார்வையாளரும், அலுவலகத்தில் தலைமை அதிகாரியும் ஏதேனும் ஒரு வேளையில், “நெருக்கினால்தான் வேலை நடக்கும்” என்று சொல்லக் கேட்கிறோம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, அது எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

மாணவர்களாகிய நீங்கள் இன்று நெருக்குதலுக்கு உள்ளாகும் இடத்தில் இருக்கிறீர்கள். தேர்வு நாள், மதிப்பெண், பெற்றோரின் எதிர்பார்ப்பு ஆகியவை உங்களைப் பின்னிருந்து தள்ளுகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் பிறரை நெருக்கக்கூடிய இடத்தில் அமர்வீர்கள். பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும். அப்போது தாற்றுக்கோலை எவ்வளவு அழுத்துவது, எப்போது கீழே வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆகவே இப்பொருளை இப்போதே சிந்திப்பது பயனுடையது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அழுத்தம் என்பது தன்னளவில் தீயதன்று. நீராவி இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். திறந்த பானையில் கொதிக்கும் நீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. அதனால் ஒரு சக்கரமும் சுழல்வதில்லை. அதே ஆவியைக் கொதிகலனில் அடைத்து அழுத்தம் ஏற்றினால் அது புகைவண்டியையே இழுக்கிறது. மனித முயற்சியும் இத்தகையதே. முடிவு நாள் இல்லாத வேலை முடிவதே இல்லை என்பதை அனைவரும் அறிவோம். “எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம்” என்று சொல்லப்பட்ட கட்டுரையை எத்தனை மாணவர் எழுதி முடித்திருக்கின்றனர்? ஒரு குறிக்கோளும் அதற்கு ஒரு காலவரையும் இருக்கும்போது சிதறிக் கிடக்கும் நம் கவனம் ஒருமுகப்படுகிறது. குழுவாகச் செய்யும் பணியில் இது இன்னும் சிறப்பாகத் தெரியும். வெள்ளம் வரும் வேளையில் ஏரிக்கரையை அடைக்க ஊரே கூடி நிற்கிறதே, அப்போது யாரும் யாரையும் ஏவுவதில்லை. நிலைமையே அவர்களை ஏவுகிறது.

ஆனால் கொதிகலன் செய்பவர் அழுத்தத்தை மட்டும் எண்ணுவதில்லை. கலத்தின் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுகிறார். அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்றைப் பொருத்துகிறார். வரம்பு கடந்தால் தானே திறந்துகொள்ளும் காப்புத் தடுக்கிதழ் ஒன்றையும் வைக்கிறார். மனிதர்களை நெருக்குபவர்களுள் பலர் இம்மூன்றையும் மறந்துவிடுகின்றனர். நெருப்பை மட்டும் மேன்மேலும் மூட்டுகின்றனர்.

எவ்வளவு அழுத்தம் நல்லது என்ற வினாவை ஆராய்ந்த பழைய சோதனை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1908-ஆம் ஆண்டில் இராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். எலியின் முன் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று வெள்ளை, மற்றொன்று கறுப்பு. வெள்ளைப் பெட்டிக்குள் சென்றால் தொல்லை இல்லை. கறுப்பினுள் நுழைந்தால் மின் அதிர்ச்சி கிடைக்கும். எலி எத்தனை முயற்சியில் வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறது என்று அவர்கள் எண்ணினர். இரு பெட்டிகளும் எளிதில் பிரித்தறியும்படி இருந்தபோது அதிர்ச்சியின் வலிமை கூடக் கூட எலிகள் விரைவாகக் கற்றன. ஆனால் ஒளியைக் குறைத்து வேறுபாட்டைக் கண்டறிவதைக் கடினமாக்கியபோது நிலைமை மாறியது. கடும் அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. மிதமான அதிர்ச்சியே நன்மை தந்தது. பணி எவ்வளவு கடினமோ, அது தாங்கும் அழுத்தமும் அவ்வளவு குறைவு என்பதே அவர்கள் கண்ட முடிவு.

“எலிகளைப் பற்றிய முடிவை மனிதருக்கு எப்படிப் பொருத்தலாம்?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. சில எலிகளைக் கொண்டு செய்த சோதனையை அப்படியே மனித வாழ்வின் சட்டமாக ஆக்கிவிடக் கூடாது. ஆனால் மனிதர்களிடமும் இதை ஒத்த ஒன்று காணப்பட்டுள்ளது. 1962-இல் சாம் கிளக்ஸ்பர்க் என்பவர் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி நிறையச் சிறு ஆணிகள், ஒரு தீப்பெட்டி ஆகியவை ஒருவரிடம் கொடுக்கப்படும். மெழுகு மேசைமேல் சொட்டாதவாறு மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தி ஏற்ற வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு, வெற்றுப் பெட்டியைச் சுவரில் அறைந்து, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதே விடை. ஆனால் ஆணிகள் உள்ளே இருக்கும்வரை பெட்டி வெறும் கொள்கலமாகவே கண்ணுக்குத் தோன்றும். அதையே தாங்கியாக்கலாம் என்று தோன்றுவதில்லை. விரைந்து முடிப்பவர்க்குப் பணப்பரிசு உண்டு என்று ஒரு சாராரிடம் கூறினர், மற்றவரிடம் கூறவில்லை. பரிசை நாடியவர்களுக்கே அதிக நேரம் பிடித்தது! ஆணிகளை முன்பே பெட்டிக்கு வெளியே வைத்து விடையை எளிதாக்கியபோதோ பரிசை நாடியவர்கள் முந்திக்கொண்டனர்.

இவ்விரு சோதனைகளும் ஒன்றையே உணர்த்துவதாக எனக்குத் தோன்றுகிறது. வழி தெரிந்த வேலையில் அழுத்தம் கால்களுக்கு விரைவு தருகிறது. வழி தேட வேண்டிய வேலையில் அதே அழுத்தம் கண்களை மறைக்கிறது. அவசரப்படும் மனம் நேரே பார்க்கும், பக்கத்தில் பார்க்காது. மூட்டை சுமப்பவரை விரைவுபடுத்தலாம். ஆனால் கணக்கின் விடை காணாமல் திகைக்கும் மாணவனை அதட்டி விரைவுபடுத்த இயலாது. இக்காலத்துத் தொழில்களுள் பெரும்பாலானவை மூட்டை சுமக்கும் இனத்தைவிடக் கணக்குப் போடும் இனத்தையே சேர்ந்தவை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, நெருக்குதலால் விளையும் இடர்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, வெற்றியின் காரணத்தைத் தவறாக உணர்வது. 1935-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில், சோவியத்து நாட்டின் தோன்பாஸ் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் அலெக்சி ஸ்தகானவ் என்னும் தொழிலாளி ஆறு மணி நேரத்திற்கும் குறைவான ஒரே முறைப்பணியில் 102 டன் நிலக்கரி வெட்டி எடுத்தார் என்று அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு விதிக்கப்பட்ட அளவு 7 டன். ஆகவே இது பதினான்கு மடங்குக்கும் மேல். நாடெங்கும் அவர் பெயர் முழங்கியது. எல்லாத் தொழிலாளரும் அவரைப் போல் உழைக்க வேண்டும் என்ற இயக்கமும் எழுந்தது. ஆனால் அன்றிரவு நிகழ்ந்தது என்ன? வழக்கமாகக் கரி வெட்டுபவரே இடையிடையே நிறுத்தி, மேற்கூரை சரியாதபடி மரமுட்டுகளையும் நிறுத்த வேண்டும். அன்று முட்டுக் கொடுக்கும் வேலையை வேறு இருவர் பின்னால் வந்து செய்தனர். ஸ்தகானவ் காற்றழுத்தச் சுத்தியலைக் கீழே வைக்காமல் வெட்டிக்கொண்டே போனார். வேலையைப் பகுத்து அமைத்த முறைக்கு உரிய பெருமையிற் பெரும்பகுதி ஒருவரின் தனி ஊக்கத்திற்குச் சேர்ந்துவிட்டது. இதன் விளைவு மற்றவர் தலையில் விழுந்தது. 1936-இல் பல தொழில்களில் விதிக்கப்பட்ட வேலையளவு உயர்த்தப்பட்டது. அவர் பெற்ற துணையைப் பெறாதவர்களும் உயர்ந்த அளவை எட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தது. உடன் உழைத்தோர் பலர் சாதனையாளர்களை வெறுத்ததில் வியப்பில்லை. ஒருவரை உச்சியில் ஏற்றி அவரைக் காட்டி மற்றவரை நெருக்குவது குழுவின் ஒற்றுமையைக் குலைக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது இடர், எண்ணைக் காப்பாற்ற உண்மையைக் கைவிடுவது. அமெரிக்காவின் பெரிய வங்கிகளுள் ஒன்றான வெல்ஸ் பார்கோவில் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஒவ்வொரு வாடிக்கைக் குடும்பமும் வங்கியின் எட்டு வகைச் சேவைகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கே குறிக்கோள். ஏழும் ஒன்பதும் இருக்க எட்டு ஏன்? எட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், சிறப்பைக் குறிக்கும் ‘கிரேட்’ என்ற சொல்லோடு ஒலியில் இயைகிறது என்பதே வங்கி தன் ஆண்டறிக்கையில் தந்த விளக்கம்! எதுகைக்காகப் பிறந்த அந்த எண் கிளைதோறும் நாள்தோறும் ஊழியர்களை அழுத்தியது. எத்தனை கணக்குத் திறந்தாய் என்ற கேள்வி ஓயாமல் எழுந்தது. ஊழியர் பலர் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்தனர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் இது வெளிப்பட்டு, வங்கிக்கு 18 கோடியே 50 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,300 ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஒப்புதலின்றித் திறக்கப்பட்டிருக்கக் கூடிய கணக்குகள் 35 இலட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டில் கணக்கிடப்பட்டது. 2020-இல் வங்கி 300 கோடி டாலர் செலுத்தி வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது.

அந்த 5,300 பேரும் பிறவியிலேயே வஞ்சகர் என்று எவரேனும் கூறுவாரா? தவறு செய்தவர் தவறு செய்தவரே, அதில் ஐயமில்லை. ஆயினும் நேர்மையாக எட்ட முடியாத அளவை விதித்து, எட்டாதவரை இகழ்ந்து, எட்டியவரை எப்படி எட்டினாய் என்று கேளாமல் பாராட்டும் இடத்தில் பொய் முளைப்பது இயல்பு. மதிப்பெண்ணை மட்டும் கேட்டு, கற்றது என்ன என்று கேளாத வீட்டில் பார்த்தெழுதும் பிள்ளை வளர்வதும் இப்படித்தான்.

மூன்றாவது இடர் எல்லாவற்றிலும் கொடியது. அதுவே வாய்மூடுதல். இதற்கு 1986-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாளை நினைவுகூர வேண்டும். அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து சேலஞ்சர் என்னும் விண்வெளி ஓடம் எழும்பியது. அதில் ஏழு பேர் இருந்தனர். ஒருவர் கிறிஸ்டா மெக்காலிப் என்ற பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப்போகும் ஆசிரியை என்பதால் அமெரிக்க மாணவர் பலர் வகுப்பறைகளிலேயே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். எழும்பிய 73 நொடிகளில் ஓடம் சிதறியது. ஏழு பேரும் மாண்டனர்.

காரணம் சிறியது. பக்கவாட்டு இராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து இணைக்கப்பட்டவை. இணைப்புகளில் வெப்ப வாயு கசியாதபடி இரப்பர் வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தன. குளிரில் இரப்பர் தன் மீள்தன்மையை இழக்கும். அழுத்தி விட்டால் உடனே பழைய நிலைக்கு வராது. அன்று காலை ஏவுதளத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசு. அதற்கு முன் நிகழ்ந்த பயணங்களுள் மிகக் குளிர்ந்த நாள் ஏறத்தாழ 12 பாகை. அப்பயணத்திலேயே வளையங்களைத் தாண்டி வாயு கசிந்த கரித்தடம் காணப்பட்டிருந்தது.

இது முன்பே தெரியாதா? தெரிந்திருந்தது! அந்த இராக்கெட்டுகளைச் செய்த தையோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குறிப்பாக ரோஜர் பாய்ஸ்ஜாலி, ஆர்னி தாம்சன் ஆகியோர், முந்திய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் ஏவக் கூடாது என்று வற்புறுத்தினர். அவர்கள் நிறுவனமும் முதலில் அதையே பரிந்துரைத்தது. ஆனால் விண்வெளித் துறையின் அதிகாரிகள் அப்பரிந்துரையை ஏற்க மனமின்றி வினாக்களை அடுக்கினர். பயணம் ஏற்கெனவே சில முறை தள்ளிப்போயிருந்தது. 1986-இல் மட்டும் 15 பயணங்கள் திட்டமிடப்பட்டிருந்தன. விரைவில் அதை ஆண்டுக்கு 24 ஆக உயர்த்துவதும் திட்டம். தையோகால் அதிகாரிகள் தமக்குள் கலந்துபேசச் சிறிது நேரம் கேட்டனர். அப்போது உயர் அதிகாரி ஒருவர் தம் உடனிருந்த நிர்வாகியிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணிந்துகொள்ளச் சொன்னார் என்று பின்னர் சாட்சியம் கூறப்பட்டது. நிர்வாகிகள் நால்வர் மட்டும் முடிவு செய்தனர். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. ஏவலாம் என்ற பரிந்துரை சென்றது. ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனத்தின் பிரதிநிதி ஆலன் மெக்டானல்டு அதில் கையெழுத்திட மறுத்தார், வேறொருவர் கையெழுத்திட்டார்.

இதில் நான் உங்கள் கவனத்திற்குக் கொணர விரும்புவது ஒன்று. அன்றிரவு எவரும் எவரையும் பொய் சொல்லும்படி மிரட்டவில்லை. அழுத்தம் வேறொரு வேலை செய்தது. அது கேள்வியைத் திருப்பிவிட்டது. வழக்கமாகக் கேட்கப்படுவது, “பறப்பது பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்க முடியுமா?” என்பது. அன்றிரவு பொறியாளர்கள் உணர்ந்த கேள்வியோ, “பறப்பது ஆபத்தானது என்று மெய்ப்பிக்க முடியுமா?” என்பது. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் ஐயம் யாருக்குச் சாதகமாகிறது என்பது முற்றிலும் மாறிவிடுகிறது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் அமைப்பின்மேல் இருந்த அழுத்தங்களைப் பற்றித் தனி அதிகாரமே எழுதியது.

அத்தனையும் எழுதப்பட்ட பிறகும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா என்னும் ஓடம் திரும்பி வரும்போது சிதைந்தது. நம் நாட்டில் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். எழும்பும்போது நுரைப்பொருள் இறக்கையில் மோதியதைக் கண்ட பொறியாளர்கள், பழுதறியப் படம் எடுத்துத் தர வேண்டினர், அது நிறைவேறவில்லை. அக்காலத்தில் நிர்வாகிகளின் கணிப்பொறித் திரைகளுக்கென்று அனுப்பப்பட்டிருந்த கடிகாரம் ஒன்றை விசாரணை வாரியம் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முக்கியக் கட்டத்தை முடிக்க வேண்டிய 2004 பிப்ரவரி 19-ஆம் நாளுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று அக்கடிகாரம் நொடிநொடியாகக் குறைத்துக் காட்டும். கண்முன் ஓடும் கடிகாரம் ஒன்றைக் காண்பவன், காதில் விழும் ஐயத்தைத் தடையென்றே எண்ணத் தொடங்குகிறான்.

நான்காவது இடர் உடலைப் பற்றியது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பதோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016-ஆம் ஆண்டில் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தனர். ஆனால் உழைப்பின் மிகுதி மட்டுமே ஆளை முறிப்பதில்லை. 1979-இல் இராபர்ட் கராசெக் என்னும் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். வேலையின் பளு மிகுந்து, அதைச் செய்யும் முறையைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் உளைச்சல் மிகுகிறது என்பது அது. இலண்டன் அரசு ஊழியரிடையே நெடுங்காலம் நடந்த ஆய்வுகளும் இதற்கு இசைந்தன. இதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது பெரும் பொறுப்பைத் தாங்கிய மேலதிகாரிகளிடம் அன்று. ஏவியதைச் செய்யும் கீழ்நிலை ஊழியரிடமே. தாமே தூக்கிய சுமை வேறு, தலையில் ஏற்றப்பட்ட சுமை வேறு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இவ்வளவு கூறியபின், “அப்படியானால் நெருக்கவே கூடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். கொதிகலனுக்குத் திரும்புவோம். நெருப்பை அணைக்க வேண்டியதில்லை. காப்பிதழைப் பொருத்த வேண்டும். அது தொழிற்சாலையில் எவ்வாறு அமையும் என்பதற்கு ஜப்பானிய டொயோட்டா நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வண்டிகள் நகர்ந்து செல்லும் தொடர்வரிசையின் நெடுகிலும் ஒரு கயிறு தொங்கவிடப்பட்டது. பழுதைக் காணும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும். குழுத்தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்திற்குள் பழுது தீர்ந்தால் வரிசை தொடர்ந்து செல்லும், தீராவிட்டால் நின்றுவிடும். ஓடிவரும் தலைவரின் முதற்கேள்வி, “யார் செய்த தவறு?” என்பதன்று, “என்ன உதவி வேண்டும்?” என்பதே. அமெரிக்காவில் பிரீமாண்ட் நகரத்துக் கார் தொழிற்சாலை ஒன்றை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-இல் மூடியது. தொழிலாளர் வேலைக்கு வாராமையும் தரக்குறைவும் அங்கே பெயர் பெற்றிருந்தன. 1984-இல் டொயோட்டாவும் அந்நிறுவனமும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுத்தோரிற் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. புதிய முறையில் தரம் உயர்ந்தது. வேலைக்கு வாராமையும் வெகுவாகக் குறைந்தது. ஆட்கள் அவர்களே, கையில் கயிறு கிடைத்தது என்பதே வேறுபாட்டின் பெரும்பகுதி.

குழுவுக்குள் அச்சமின்மை எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை எதிர்பாராத வகையில் கண்டறிந்தார். 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை அவர் ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையும் தலைமையும் உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கோ அத்தகைய குழுக்களிலேயே பிழை மிகுதி என்று காட்டியது. நுணுகிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. அக்குழுக்கள் பிழையை மறைக்காமல் சொல்லின; மற்றவை அஞ்சி மறைத்தன. ஏட்டில் பிழையே இல்லாத இடத்தைக் கண்டால் மகிழ்வதற்கு முன் சற்று ஐயுறவும் வேண்டும்.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், அச்சகம் ஒன்றில் போர்மேனாக இருந்த முதியவர் ஒருவரை நான் அறிவேன். தீபாவளி மலர்களின் வேலை குவியும் நாள்களில் இரவு முழுதும் இயந்திரம் ஓடும். அந்நாள்களில் மட்டும் அவர் மெய்ப்புப் பார்ப்பதற்கு ஒருவருக்குப் பதில் இருவரை அமர்த்துவார். “அவசர நாளில் இதற்கு வேறு ஆள் எதற்கு?” என்று உரிமையாளர் கடிந்துகொண்டபோது அவர், “அவசர நாளில்தான் ஐயா கண் பொய் சொல்லும்” என்றார். அவர் எந்த உளநூலையும் படித்தவர் அல்லர். ஆனால் நெருக்கடி கூடும்போது சரிபார்ப்பும் கூட வேண்டும் என்ற உண்மையைத் தொழிலே அவருக்குக் கற்பித்திருந்தது. நாமோ நெருக்கடி வந்தவுடன் முதலில் கைவிடுவது சரிபார்ப்பைத்தான்.

இன்னொரு கடமை தலைவனுக்கு உண்டு. வெளியிலிருந்து வரும் அழுத்தம் முழுவதையும் அப்படியே கீழே இறக்கிவிடாமல் தன் தோளில் ஒரு பகுதியைத் தாங்குவது அது. 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ். எல். வி. 3 என்னும் நம் நாட்டு இராக்கெட்டு வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். நாட்டின் பணம் கடலில் போயிற்று என்ற கண்டனம் எழும் வேளை. அன்று செய்தியாளர் முன் நின்று பொறுப்பை ஏற்றவர் கலாம் அல்லர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன். தம் குழுவினர்மேல் நம்பிக்கை தெரிவித்து, அடுத்த ஆண்டில் வெற்றி பெறுவோம் என்றார். 1980 சூலை 18-ஆம் நாள் அதே வகை இராக்கெட்டு ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அப்போது தவன் ஒதுங்கிக்கொண்டு, கலாமைச் செய்தியாளர்களிடம் பேசச் சொன்னார். கலாம் இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்தார். அக்குழுவுக்குக் குறிக்கோள் இல்லையா? இருந்தது, கடினமானதே. காலவரை இல்லையா? அதுவும் இருந்தது. ஆனால் அச்சம் அவர்கள்மேல் விழாதபடி ஒருவர் குடைபிடித்து நின்றார்.

ஆகவே மாணவர்களே, நாளை உங்கள் கையில் ஒரு குழு வரும்போது இக்கேள்விகளை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இது வழி தெரிந்த வேலையா, வழி தேடும் வேலையா? நான் விதிக்கும் அளவு நேர்மையாக எட்டக்கூடியதா? எட்டுவதற்கு வேண்டிய கருவியும் ஆளும் நேரமும் கொடுத்திருக்கிறேனா? செய்யும் முறையில் அவர்களுக்கு உரிமை விட்டிருக்கிறேனா? கெட்ட செய்தியோடு என் அறைக்கு வருபவர் எந்த முகத்தோடு திரும்பிச் செல்கிறார்? இறுதிக் கேள்வியே முதன்மையானது என்பது என் கருத்து. உங்களிடம் கெட்ட செய்தி வருவது நின்றுவிட்டால், கெட்டது நிகழ்வது நின்றுவிட்டது என்று பொருளன்று. சொல்வது நின்றுவிட்டது என்றே பொருள்.

குழுவில் நீங்கள் தலைவராக இல்லாமல், ஒருவராக மட்டும் இருக்கும் நாளும் வரும். அனைவரும் “ஆகட்டும்” என்று தலையசைக்கும் வேளையில் உங்கள் மனத்தில் மட்டும் ஓர் ஐயம் எழலாம். பணிவோடும் தெளிவோடும், வேண்டுமானால் எழுத்திலும், அதைச் சொல்லுங்கள். ஆலன் மெக்டானல்டு கையெழுத்திட மறுத்ததால் ஓடம் நிற்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் பின்னர் விசாரணையில் அவரும் பாய்ஸ்ஜாலியும் அஞ்சாது உரைத்ததனாலேயே அன்றிரவு நடந்தது உலகிற்குத் தெரிந்தது. வளைய இணைப்புகள் மாற்றி அமைக்கப்பட்டன. 1988 செப்டம்பரில் ஓடங்கள் மீண்டும் பறந்தன. அதற்குப் பின் 2011-இல் அவ்வோடங்கள் ஓய்வுபெறும் வரையில், அந்த இணைப்புகளால் ஓர் உயிரும் போகவில்லை.